அளந்து எழுதுவோம்

ஒரு மொழியின் வளத்தை எடுத்துக்காட்ட வேண்டுமானால் அதன் காப்பியங்களையும் கவிதைகளையும் காட்டுவது நம் வழக்கம். அது தக்கதே. ஆயினும் ஒரு கிணற்றின் ஆழத்தையும், ஒரு தெருவின் அகலத்தையும், ஒரு மதிலின் உயரத்தையும் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்ல வல்லவனே மொழியை ஆளக் கற்றவன் என்பது என் துணிபு. இத்திறனை நம் தமிழ் வகுப்புகள் கற்பிப்பதில்லை. அதனால் வரும் இழப்போ வகுப்பறைக்கு வெளியே, ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் வாழ்வோரைச் சேர்கிறது. இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறமொழி கற்போர் பெறும் பயிற்சி

இன்று நம் மாணவர் சிலர் வேலைவாய்ப்புக் கருதி ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளைக் கற்கின்றனர். ஸ்பானிய மொழியைத் தொடங்குவோனுக்கு அளவு கூறும் தொடர்கள் விரைவிலேயே கற்பிக்கப்படுகின்றன. 'இக்கோபுரம் 40 மீட்டர் உயரம் உடையது' என்பதை அம்மொழியில், 'தியேனே குவரெந்தா மெத்ரோஸ் தே அல்த்துரா' என்பர். 'தியேனே' என்றால் 'உடையது' என்று பொருள். ஆங்கிலத்திலோ அது 'உயரமாக இருக்கிறது' என்ற அமைப்பில் வரும். எனவே ஆங்கில வழியாக ஸ்பானியம் படிப்போன் அங்கே தடுமாறுகிறான். தமிழனுக்கு அத்தடுமாற்றம் தேவையில்லை. 'உயரம் உடையது' என்பது அவன் மொழியிலேயே இயல்பாக உள்ளது.

அரபு மொழியை நோக்கினால் இன்னும் நெருக்கம் புலப்படும். 'அதன் நீளம் பத்து மீட்டர்' என்று வினைச்சொல் இன்றியே அரபியர் முடிப்பர். நாமும் அவ்வாறே முடிக்கிறோம். நீளத்தைத் 'தூல்' என்றும், அகலத்தை 'அர்ள்' என்றும், ஆழத்தை 'உம்க்' என்றும் அம்மொழி வழங்குகிறது.

இவ்வொப்புமையால் ஓர் உண்மை விளங்குகிறது. அளவைச் சொல்லும் முறை ஒவ்வொரு மொழியிலும் தனி இலக்கணம் உடையது. அதனைக் கற்றே தீரவேண்டும் என்று பிறமொழி ஆசிரியர்கள் உணர்ந்திருக்கிறார்கள். தமிழாசிரியராகிய நாமோ, தாய்மொழிதானே, தானாக வந்துவிடும் என்று வாளாவிருக்கிறோம்.

தமிழில் அளவின் இலக்கணம்

நம் முன்னோர் அவ்வாறு வாளாவிருக்கவில்லை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் அளவுப்பெயர்களும் நிறைப்பெயர்களும் எந்தெந்த எழுத்துகளில் தொடங்கும் என்பதைத் தொகைமரபில் வரையறுத்தார். எண்ணுப்பெயரோடு அவை புணரும் முறையைக் குற்றியலுகரப் புணரியலில் விரித்தார். எண்ணும் அளவும் சேருமிடத்தில் பிழை நேரக்கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நீளம், அகலம், உயரம், ஆழம் என்னும் நான்கு சொற்களையும் பிரித்துப் பாருங்கள். நீள், அகல், உயர், ஆழ் என்னும் வினையடிகளோடு 'அம்' சேர்ந்து அவை பிறந்துள்ளன. ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் இவ்வகைப் பெயர்கள் பெரிதும் பண்படையிலிருந்து பிறக்கின்றன. தமிழிலோ ஒவ்வோர் அளவும் ஒரு செயல். மதில் உயர்ந்து நிற்கிறது, கிணறு ஆழ்ந்து செல்கிறது, தெரு நீள்கிறது. செயல் என்றால் அது எங்கோ ஓரிடத்தில் தொடங்க வேண்டும். எங்கிருந்து உயர்ந்தது, எங்கிருந்து ஆழ்ந்தது என்ற வினா அச்சொற்களின் உள்ளேயே அடங்கியுள்ளது. இவ்வினாவை மறந்ததே நம் இன்றைய எழுத்தின் குறை.

ஓர் உருபு எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 'இருபதடி ஆழத் தண்ணீர்' என்றால் கிணறு நிறைந்த நீர். 'இருபதடி ஆழத்தில் தண்ணீர்' என்றால் இருபதடி வரை வெறுமை. அதன் கீழேதான் நீர். 'இல்' என்னும் ஓர் உருபு நிறைகிணற்றை வறண்ட கிணறாக்கிவிடுகிறது. அவ்வாறே, 'ஆற்றில் நீர் மூன்றடி உயர்ந்தது' என்பது வேறு; 'மூன்றடியாக உயர்ந்தது' என்பது வேறு. முன்னது, இருந்த நீரோடு மூன்றடி கூடியதைச் சொல்கிறது. பின்னது, மொத்தமே மூன்றடி என்கிறது. ஸ்பானியத்தில் இவ்வேறுபாட்டைக் காட்ட 'ஆ' என்ற முன்னொட்டுச் சொல்லைச் சேர்ப்பர். தமிழில் 'ஆக' சேர்கிறது. வெள்ளக் காலத்தில் ஆற்றங்கரையில் குடியிருப்பவன் மூட்டை கட்ட வேண்டுமா, வேண்டாவா என்பதை இவ்விரண்டு எழுத்துகளே முடிவு செய்கின்றன.

வீராணம் காட்டும் பாடம்

இவை வெறும் இலக்கண நுட்பங்கள் என்று கருதுவோர் சிதம்பரத்தை அடுத்த வீராணம் ஏரியை எண்ணிப் பார்க்க வேண்டும். முதற் பராந்தக சோழன் காலத்தில் அமைக்கப்பட்டதாகக் கூறப்படும் இப்பேரேரி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரக் கழனிகளை வாழ்விப்பது. 2004 முதல் சென்னை மாநகருக்கும் குடிநீர் தருவது. மழைக்காலந்தோறும் இவ்வேரியைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வெளிவருகின்றன. 'ஏரியின் மொத்தக் கொள்ளளவு 47.50 அடி' என்று பல முறை அச்சாகியிருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

கொள்ளளவை அடியில் அளக்க இயலுமா? கொள்ளளவு என்பது நீளம், அகலம், ஆழம் மூன்றும் பெருகி வருவது. அதற்குக் கன அடியே அலகு. வீராணத்தின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி என்பதே பொதுப்பணித்துறைக் கணக்கு. அவ்வாறாயின் 47.50 அடி என்பது என்ன? ஏரியின் ஆழமா? அதுவும் அன்று. ஏரியின் நீளம் பத்துக் கிலோமீட்டர், அகலம் மூன்று கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அப்பரப்பில் 47.50 அடி ஆழத்திற்கு நீர் நின்றால் கொள்ளளவு 15,000 மில்லியன் கன அடியைத் தாண்டும். உள்ளதைப்போல் பத்து மடங்கு! உண்மையில் 1,465 மில்லியன் கன அடியை அப்பரப்பில் பரப்பினால் சராசரி ஆழம் நாலரை அடிதான். ஆள் நின்றால் ஏறத்தாழ மார்பளவு.

47.50 அடி என்பது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். நீர் நிறைந்திருக்கும்போது அதன் மேற்பரப்பு கடலுக்கு மேலே அவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதே அதன் பொருள். அதே நாளிதழின் அதே பக்கத்தில் 'மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடி' என்றும் இருக்கும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் 120 அடியோ அணையிலேயே வரையறுத்த ஓர் அடிமட்டத்திலிருந்து எண்ணப்படுவது. கடல் மட்டத்திலிருந்து எண்ணினால் அதன் முழு நீர்மட்டம் 790 அடி. ஒன்று கடலிலிருந்து எண்ணியது. மற்றொன்று அணையில் வரையறுத்த அடிமட்டத்திலிருந்து எண்ணியது. இரண்டுக்கும் 'நீர்மட்டம்' என்ற ஒரே சொல். படிப்போன் இரண்டையும் ஒப்பிட்டு, மேட்டூரின் ஆழத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வீராணத்திற்கு உண்டு என்று முடிவு செய்தால் அவனைக் குற்றம் கூற முடியுமா?

பொறியாளர் தம் பதிவேட்டில் எங்கிருந்து அளந்தோம் என்பதைத் தெளிவாகவே குறிக்கின்றனர். அது தமிழுக்கு வரும் வழியில்தான் தொலைந்து போகிறது. இது எண்ணின் குறை அன்று. எழுதுவோன் கற்ற தமிழின் குறை.

பீரங்கி அளந்த நிலம்

அளவின் தொடக்கமும் அலகும் தெளிவில்லாதபோது வலியவனே பயனடைவான் என்பதற்குக் கடலூர் வரலாறே சான்று. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்குப் பெற்றனர். புனித டேவிட் கோட்டை எனப் பின்னர் அது பெயர் பெற்றது. கோட்டையைச் சூழ்ந்த நிலம் எவ்வளவு என்பதற்குக் கோலும் இல்லை, கயிறும் இல்லை. பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவே எல்லையென உடன்பாடாயிற்று. நாற்புறமும் சுட்டார்கள்; குண்டு விழுந்த எல்லைவரை உள்ள ஊர்கள் கம்பெனியைச் சேர்ந்தன. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் நெடுங்காலம் அவ்வூர்களுக்கு வழங்கிற்று.

பீரங்கி பெரிதானால் நிலமும் பெரிதாகும். மருந்து மிகுந்தால் எல்லையும் மிகும். இவ்வளவு என்று சொல்லாமல் விட்ட ஒரு சொல்லால் ஊர்கள் பல கைமாறின.

மக்கள் வழக்கில் உள்ள செல்வம்

இதற்கு மாறாக, கற்றோர் கைவிட்ட தெளிவு மக்கள் வழக்கில் இன்றும் நிலைத்திருப்பதைக் காண்கிறோம். பத்திர எழுத்தரின் ஆவணத்தைப் பாருங்கள். 'கிழமேல் அடி 30, தென்வடல் அடி 60' என்று எழுதுவார். எது நீளம், எது அகலம் என்ற வழக்கு அங்கே எழ வழியில்லை. ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகள் பலவற்றில் மனையின் அளவைத் 'தெருமுகப்பு இவ்வளவு, பின்னோக்கிய ஆழம் இவ்வளவு' என்று குறிக்கிறார்கள். நாளை தெரு மாறினால் முகப்பும் மாறும். நம் ஆவண எழுத்தரோ மாறாத திசையைப் பற்றிக்கொண்டார். மேலும், 'ஆழம்' என்னும் சொல்லைத் தமிழர் கீழ்நோக்கிச் செல்வதற்கே வழங்கினர். ஆங்கிலத்தைப் பின்பற்றி அலமாரிக்கும் மனைக்கும் 'ஆழம்' என்று எழுதுவது அச்சொல்லின் கூர்மையை மழுங்கச் செய்கிறது.

தச்சரும் கொத்தரும் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுக்கின்றனர். 'மூன்று நூல் கனம்' என்றால் பலகையின் தடிப்பு ஐயமின்றி விளங்குகிறது. தில்லைக் கோபுரங்களை அடி கணக்கில் சொல்வோர், தரையிலிருந்தா, கல்லாலான அடிப்பகுதிக்கு மேலிருந்தா, கலசத்தைச் சேர்த்தா, நீக்கியா என்று சொல்வதில்லை. 'ஏழு நிலைக் கோபுரம்' என்று கூறும் மரபுத் தொடரோ எண்ணிப் பார்த்து உறுதி செய்யத்தக்கது.

உழவர் மழையைச் சொல்லும் முறையும் எண்ணத்தக்கது. வானிலை அறிக்கை 'ஒரு சென்டிமீட்டர் மழை' என்கிறது. மழைக்கு ஏது நீளம் என்று மாணவர் வியப்பர். அது ஆழம்! பெய்த நீர் ஓடாமலும் உறிஞ்சப்படாமலும் நின்றால் நிற்கும் ஆழம். ஓர் ஏக்கருக்கு ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர். இதனை உழவர் 'ஓர் உழவு மழை' என்று மண்ணின் ஈரத்தை வைத்தே அளந்தனர். வானத்திலிருந்து வந்ததை அறிக்கை அளக்கிறது. மண்ணுக்குள் இறங்கியதை உழவர் அளக்கிறார். இரண்டும் வேண்டும். அகல உழுவதிலும் ஆழ உழு என்ற பழமொழி, இரண்டு அளவைகளைத் தம்முள் ஒப்பிட்டு ஒரு வேளாண் நூலின் கருத்தை நான்கு சொற்களில் அடக்கிவிடுகிறது.

நம் பள்ளிவாசல்களின் நீர்த்தொட்டியாகிய ஹவுளும் இவ்விடத்து நினையத்தக்கது. ஷாபிஈ சட்ட நூல்கள், சிறு அசுத்தம் பட்டாலும் தூய்மை கெடாத நீரின் அளவைக் கூறும்போது, நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழம் என்று தனித்தனியே குறிக்கின்றன. ஹனபி நூல்கள் பத்துக்குப் பத்து முழம் என்று பரப்பைக் கூறி, ஆழத்திற்கு, கையால் நீரை அள்ளும்போது தரை வெளிப்படக்கூடாது என்ற இலக்கணத்தை வகுத்தன. அளவுகோல் இல்லாதவனும் தன் கையால் சோதித்தறியத்தக்க வரையறை அது. வணிகத்தில் அளவைக் குறைப்போரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் 83ஆம் அத்தியாயம் உள்ளது. மரக்காலைக் குறைப்போனுக்கு உரைத்த அறம், சொல்லைக் குறைப்போனுக்கும் பொருந்தும் அன்றோ?

கடலும் கரையும்

எல்லாவற்றினும் மேலாக, உயிரோடு தொடர்புடையது கடலின் அளவு. தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை வரை உள்ள மீனவர், கடலின் ஆழத்தைப் 'பாகம்' என்னும் அளவால் கூறுவர். இரு கைகளையும் அகல விரித்தால் வரும் நீளம், ஏறத்தாழ ஆறடி, ஒரு பாகம். கயிற்றைக் கடலில் விட்டு, மேலே இழுக்கும்போது கைவிரித்து எண்ணுவதால் பிறந்த அளவு இது. ஸ்பானிய மாலுமிகளின் 'பிராசா' என்னும் அளவும் 'கை' எனப் பொருள்படும் 'பிராசோ' என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. அரபியரின் 'பாஉ' என்பதும் விரித்த கைகளின் அளவே. மூன்று கடல்களில் மூன்று இனத்தார் ஒரே வகையில் ஆழத்தை அறிந்தனர்.

அப்பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. அங்கே ஆழம் மீட்டரில் கணக்கிடப்படுகிறது. பக்கத்துக் குப்பத்தில் பாகத்தில் எண்ணப்படுகிறது. இரண்டுக்கும் இடையே பாலம் அமைக்க வேண்டியது யார்? மொழி கற்பிக்கும் நாமே.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றது. அலையின் உயரம் பற்றிப் பேசப்பட்டபோது, கடலில் அலை எழுந்த உயரம், கரையில் நீர் ஏறிய மட்டம், ஊருக்குள் நீர் புகுந்த தொலைவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்தே வழங்கின. பனை உயரம் என்பது நம் மக்கள் வாய்ச்சொல். ஆனால் எதன் உயரம், எங்கிருந்து உயரம் என்பது கேட்கப்படவில்லை.

இன்று ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை பற்றிய முன்னறிவிப்புகளை வழங்குகிறது. 'இரண்டரை மீட்டர் உயரத்திற்கு அலை எழும்பும்' என்று தமிழில் செய்தி வருகிறது. அதைக் கேட்போன், அதற்கு மேல் அலை வராது என்று எண்ணிவிடக்கூடும். அறிவியலார் கூறும் அவ்வுயரமோ, அலைகளுள் பெரியனவாகிய மூன்றிலொரு பங்கின் சராசரி. அதுவும் அலையின் தாழ்விடத்திலிருந்து முகடு வரை அளந்தது. தனியோர் அலை அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கும் எழக்கூடும். 'பெரிய அலைகளின் சராசரி உயரம் இரண்டரை மீட்டர். சில அலைகள் அதனினும் உயரும்' என்று எழுதினால் என்ன குறை? ஒரு வரி கூடும். ஒரு படகு கரையிலேயே நிற்கும்.

மறுப்பும் விடையும்

எண் தெளிவாக இருந்தால் போதாதா, சொல்லில் என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். வீராணத்தின் 47.50இல் எண் மிகத் தெளிவாகவே உள்ளது. இரண்டு பதின்மப் புள்ளிகள் வரை துல்லியம்! ஆயினும் சொல் பிழைத்தமையால் அவ்வெண் பொய்யை உரைக்கிறது.

சாணையும் முழத்தையும் மீண்டும் கொண்டுவரச் சொல்கிறாயா என்று வேறு சிலர் கேட்கலாம். அன்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை நாடெங்கும் ஒழுங்குபட்டது நன்மையே. ஊருக்கொரு கோல் இருந்த காலத்தில் குடியானவன் பட்ட துன்பம் சிறிதன்று. அலகு உலகப் பொதுவாக இருக்கட்டும். ஆனால் அவ்வலகு எத்திசையை அளக்கிறது, எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லும் பொறுப்பு தமிழுக்கு உரியது.

செய்ய வேண்டுவன

மாணவர்க்கு ஒரு சொல். இனி நீங்கள் ஓர் அளவை எழுதும்போது நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்ளுங்கள். எதன் அளவு? எத்திசை அளவு? எவ்வளவு? எங்கிருந்து எதுவரை? இந்நான்குக்கும் விடை இல்லாத தொடர் முற்றுப்பெற்ற தொடர் ஆகாது. உங்களுள் நாளை செய்தியாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அரசு அலுவலராகவும் ஆகப்போகிறவர்கள் பலர். வெள்ளமும் புயலும் வரும் நாளில் உங்கள் ஒரு வரியை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இளங்கலை வகுப்பின் மொழிப்பாடத்தில் அளவுத் தொடர்களுக்குச் சில வகுப்பு மணிகளை ஒதுக்குவோம். ஒரு கட்டடத்தைக் காட்டி அதனைச் சொற்களால் வரையச் செய்வோம். எழுதியதைக் கேட்டு மற்றொரு மாணவர் படம் வரையட்டும். படம் பிழைத்தால் உரைநடை பிழைத்தது என்று அறியலாம். இதனினும் சிறந்த உரைநடைத் தேர்வு உண்டோ? ஆய்வு மாணவர்கள் கடலூர்த் துறைமுகத்திலும், சிதம்பரத்து ஆவண எழுத்தரிடத்தும், தச்சுப் பட்டறைகளிலும், மீனவர் குப்பங்களிலும் சென்று அளவைச் சொற்களைத் தொகுக்கட்டும். பாகமும் நூலும் கிழமேலும் தென்வடலும் இன்று வழங்குகின்றன. அவற்றை வழங்கும் முதியோர் நம்மிடையே உள்ளபோதே அப்பணி முடிய வேண்டும்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லங்களிலும் ஜமாஅத் அலுவலகங்களிலும் பழைய கிரய ஆவணங்களும் கட்டடக் கணக்குகளும் இருக்கக்கூடும். அவற்றின் படிகளைத் தமிழ்த்துறைக்குத் தந்துதவினால், நம் வட்டாரத்தின் அளவைத் தமிழுக்கு ஓர் அகராதி உருவாக அவை துணை நிற்கும்.

நம் ஊர்ப் பேச்சில் 'அளக்கிறான்' என்ற சொல்லுக்குப் பொய் பேசுகிறான் என்றும் ஒரு பொருள் உண்டு. எங்கிருந்து, எத்திசையில் என்று கூறாமல் எண்ணை மட்டும் அடுக்குவோனும் அவ்வாறே அளக்கிறான். அளவறிந்து, அதன் தொடக்கமும் முடிவும் அறிந்து எழுதுவோம். வீராணத்தின் கரையில் நிற்கும் உழவனுக்கு, தன் காலடியில் உள்ள நீர் எவ்வளவு என்பது தமிழில் விளங்க வேண்டும்.